2523 சிசி: டிராக்டர் இன்ஜின் பிக்கப்பில் ஏறிய கதை

நாசிக்கில் இருக்கிறேன் என்று தெரிந்தாலே ஊரிலிருந்து வரும் போன்களில் பாதி வண்டியைப் பற்றித்தான் இருக்கும். போன மாதம் சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணே, காய்கறி லோடு அடிக்க பழைய பிக்கப் ஒண்ணு பாக்குறேன். மகேந்திராவா, டாடாவா? எந்த இன்ஜின் தொல்லை குடுக்காது?"

நான் மெக்கானிக் இல்லை. வங்கியில் வண்டிக் கடன் கோப்பு பார்க்கிறவன். ஆனால் லாசல்காவ் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிறவர்களின் தவணைக் கணக்கை வருஷக்கணக்காகப் பார்த்தால் ஒன்று புரியும். தவணை தவறுவது பெரும்பாலும் ஓட்டுகிறவர் சோம்பேறி என்பதால் அல்ல, வண்டி பட்டறையில் நின்றதால்தான். அதனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

மகேந்திரா ஆரம்பத்தில் ஓட்டியது வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் இன்ஜினை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. கைவசம் ஒரு டீசல் இருந்தது, அது டிராக்டருடையது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் இரண்டோடும் சேர்ந்து 1963இல் தொடங்கிய கம்பெனியில் பி-275 டிராக்டர் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வம்சத்து எம்டி 2350 இன்ஜினைத் தூக்கி ஜீப்பில் வைத்து 1975இல் சிஜே 500டி என்று விற்றார்கள். உழவுக்குப் பிறந்த இன்ஜின் ரோட்டில் எப்படி ஓடும்? ஓடியது, அவ்வளவுதான்.

1979இல் பிரான்சின் பெஜோவிடம் உரிமம் வாங்கினார்கள். எக்ஸ்டிபி 4.90 என்று பெயர், அதாவது நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மி.மீ. விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மி.மீ. தான். மொத்தம் 2112 சிசி, 4500 சுற்றில் 62 குதிரைசக்தி. விட்டம் பெரிது, தூரம் குறைவு என்பதால் சுலபமாகச் சுற்றும், அதிர்வும் குறைவு. ஓட்ட எது சுகம் என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான்.

சிக்கல் உள்ளே இருந்தது. இதில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாது. ஹெட்டில் இருக்கும் சின்ன அறைக்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்கு வரும். சத்தம் குறைவது அதனால்தான். ஆனால் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த அறையின் சுவரிலேயே போய்விடும், டீசல் கூடக் குடிக்கும். குளிர் காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும் (ஜனவரியில் நிபாட் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், நம்ம ஊர்க் குளிரெல்லாம் ஒன்றுமே இல்லை). ஹெட்டும் அதிகம் சூடாகும். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க மறந்தால் செலவுதான்.

90களில் மகேந்திரா வண்டிகளில் எம்டிஐ பரவியது. டீசல் நேராக பிஸ்டன் குழியில் விழும் 'டைரக்ட்' வகை. 88.9 மி.மீ. விட்டம், 101.6 மி.மீ. தூரம், 2523 சிசி. இந்த இரண்டு எண்ணையும் அங்குலத்துக்கு மாற்றிப் பாருங்கள்: மூன்றரை, நாலு. பிரிட்டனில் டான்காஸ்டரில் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் பிடி-154 டிராக்டர் இன்ஜினுக்கும் அதே அளவுதான்! 154 என்பது கன அங்குலம். பிரெஞ்சுக்காரரிடம் படித்துவிட்டு மறுபடி டிராக்டரிடமே வந்து நின்றார்கள்.

டாடாவும் இதே பாதையில்தான் போனது. 1988இல் வந்த 206 பிக்கப்பில் 1948 சிசி இன்ஜின், கார் மாதிரி மென்மையானது. பிறகு வந்த 207 டிஐயில் 407 லாரியின் 2956 சிசி இன்ஜினையே வைத்தார்கள். 497 என்ற அதன் பெயரும் நாலு சிலிண்டர், 97 மி.மீ. என்பதுதான்.

ஓட்ட இரண்டுமே சுகமில்லை. நின்றால் கியர் கம்பி ஆடும், கேபினில் பேசினால் கேட்காது. இருந்தும் ஜெயித்தது இவைதான். ஹீட்டர் தொல்லை இல்லை, டீசல் மிச்சம், குறைந்த சுற்றிலேயே லோடு இழுக்கும். அதைவிட முக்கியம், டிராக்டர் மெக்கானிக் இருக்கிற ஊரிலெல்லாம் எம்டிஐக்கு வைத்தியர் உண்டு. 407 ஓடுகிற ரோட்டிலெல்லாம் 497க்கு சாமான் கிடைக்கும். மைக்கோ பம்ப், நாசில் (அந்த நாசில் எங்கள் நாசிக்கிலேயே செய்தது) எங்கேயும் கழற்றி டெஸ்ட் செய்துகொள்ளலாம்.

தம்பியிடம் சொன்னதும் இதுதான். மலைப் பாதையில் பாரம் ஏற்றினால் 497. சமவெளியில் சந்தைக்குச் சந்தை ஓடினால் எம்டிஐ. வாங்கும் முன் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல், ஆயில் மூடியைத் திறந்து புகை அடிக்கிறதா பார்.

ஆனால் இதெல்லாம் பழைய வண்டிக்குத்தான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6. பொலிரோ பிக்கப்பில் இன்றும் 2523 சிசிதான், ஆனால் மேலே காமன் ரயில், சென்சார், கம்ப்யூட்டர். 1000 பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசல் பீய்ச்சுகிறது. சத்தமும் புகையும் வெகுவாகக் குறைந்துவிட்டன, ஓட்டவும் சுகம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஊற்றினால் பழைய இன்ஜின் இருமிக்கொண்டே ஓடும். இதில் இன்ஜெக்டரே போய்விடும், ஒன்றை மாற்றினாலே அந்த மாதத் தவணை தள்ளிப்போகும். ஸ்பேனரோடு வரும் கிராமத்து மெக்கானிக் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, ஸ்கேனர் இருக்கிற பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போகச் சொல்கிறார். புது பிக்கப்புக்குக் கடன் கேட்டு வருகிறவரிடம் நான் இப்போது முதலில் கேட்பது, ஸ்கேனர் உள்ள பட்டறை உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றுதான்.