மன்னார்ப் பாதையும் நீராவி வண்டிப் படங்களும்

நீராவிப் புகைவண்டியைப் பார்ப்பதற்கென்றே பயணஞ் செய்யும் வழக்கம், அவ்வண்டி தன் தொழிலை விட்டு நீங்கத் தொடங்கிய காலத்திலேயே வலுப்பெற்றது. அது நாள்தோறும் ஓடிய காலத்தில் அதனை நின்று பார்த்தோர் பெரும்பாலும் சிறுவரே. வளர்ந்தோர்க்கு அது வெண்ணிற ஆடையிற் கரிபடியச் செய்யும் ஓர் ஊர்தி, அவ்வளவே. மறையப்போகின்றது என்று தெரிந்தபின் அதன் அழகு பலர் கண்ணுக்குப் புலனாயிற்று. வேல்சு நாட்டிலே தலிலின் என்னும் சிறு பாதையைத் தொண்டர்கள் 1951 இல் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினர். 1968 ஓகஸ்ட் 11 ஆந் திகதி பிரித்தானியப் புகையிரதப் பகுதியினர் தம் பெருவழிகளில் நீராவிக்கு விடைகொடுத்து ஓட்டிய வண்டிக்குக் கட்டணம் பதினைந்து கினி. கட்டணமே அவ்வண்டிக்குப் பெயருமாயிற்று. பணங் கொடுத்து ஏற இயலாதோர் வழிநெடுகக் கமராவுடன் நின்றனர்.

இந்தியாவிலே அகலப்பாதையில் நீராவி வண்டியின் வழக்கமான ஓட்டம் 1995 டிசெம்பர் 6 இல் முடிவடைந்தது. 1855 இல் இங்கிலாந்திற் செய்யப்பெற்று, நூறாண்டு காலம் காட்சிப் பொருளாய் நின்ற 'எக்ஸ்பிரஸ்' என்னும் எஞ்சினைப் பெரம்பூர்த் தொழிலாளர் 2010 இற் புதுக்கி மீண்டும் ஓடச் செய்தனர். நீலகிரியிலோ நிலைமை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 இலும், உதகைக்கு 1908 இலும் சென்ற பற்சக்கரப் பாதை, 2005 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. பழைய எஞ்சின்கள் தேய்ந்தமையால், அவற்றின் அமைப்பிலேயே புதியன பொன்மலைப் பணிமனையிற் செய்யப்பட்டன.

இலங்கையில் முதற் புகைவண்டி 1864 இற் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குச் சென்றது. டீசல் எஞ்சின்கள் 1950 களில் வந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்தவை அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. யாழ்ப்பாணத்தார் 'கோச்சி' என்று வழங்கிய வண்டி 1956 இல் 'யாழ்தேவி' என்னும் பெயர் பூண்டு டீசலின் விரைவைக் காட்டியபோது, நீராவியின் நாட்கள் எண்ணப்படலாயின. பின்னர் 1986 இல், எஞ்சிய நீராவி எஞ்சின்களுட் சில தெமட்டகொடைக் கொட்டகையிற் பழுதுபார்க்கப்பட்டு, உல்லாசப் பயணிகளுக்கென ஒரு மரபு வண்டி ஓட்டப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'வைசிராய் ஸ்பெஷல்'. இந்தியாவுக்கு வைசிராய் இருந்தார். இலங்கையை ஆண்டவர்கள் தேசாதிபதிகளே. பெயரிட்டோர் வரலாற்றை அன்றிப் பயணச்சீட்டு விற்பனையையே கருதினர் போலும். எனினும் அவ்வண்டியை இழுத்த பி1 வகை எஞ்சின்கள் உண்மையிலேயே தேசாதிபதிகளின் பெயர் தாங்கியவை. 251 ஆம் இலக்கம் 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்' எனப்பட்டது. அவ்வண்டியின் வழக்கமான வழி கொழும்பு கண்டிப் பாதை. நாற்பத்தைந்து அடி ஓடினால் ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றம் அப்பாதையிலுள்ளது. அவ்வேற்றத்தை 19 ஆம் நூற்றாண்டிலேயே ஸ்கீன் கம்பனியார் படம்பிடித்தனர். புகையிரத நூதனசாலையும் 2014 இற் கடுகண்ணாவையிலேயே திறக்கப்பட்டது. ஆதலின் நீராவி வண்டி என்றவுடன் மலையும் குகையும் தேயிலைச் சரிவும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பாயிற்று.

இத்தகைய உல்லாச ஓட்டங்களிற் படம்பிடிப்போர்க்கென ஒரு தனி ஏற்பாடு உண்டு. வண்டி தக்கதோர் இடத்தில் நிறுத்தப்படும். கமராவுடையோர் இறங்கி வரிசையாக நிற்பர். வண்டி பின்னோக்கிச் சென்று, மீண்டும் முழுவேகத்தோடு அவர் முன்னே ஓடிவரும். அப்போது கரும்புகை வானளாவ எழவேண்டும் என்பது அவர் விருப்பம். எரிபொருளிடுபவரும் அவர் மனம் மகிழ வேண்டிய அளவுக்கு மேல் இடுவார். நீராவித் தொழிலை அறிந்தவர்க்கு இஃது நகைப்பை விளைக்கும். தொழிற்காலத்திற் கரும்புகை என்பது எரிபொருள் முற்றும் எரியாது வீணாவதன் அடையாளம். தீயைப் பேணத் தெரியாதவன் என்னும் பழியை எரிபொருளிடுபவருக்குத் தருவது. செவ்வனே நடத்தப்பட்ட எஞ்சினின் மேலே மெல்லிய சாம்பல்நிறப் புகையே தோன்றும். வெண்முகில்போல் எழுவது புகையன்று; குளிர்காற்றில் உறைந்த நீராவி. மலைநாட்டுக் காலைப்பொழுதில் அது நெடுநேரம் நிற்கும். மன்னாரின் வெப்பமும் வறட்சியுமுள்ள காற்றில் விரைந்து மறைந்துவிடும். படம்பிடிப்போர் மலையை நாடியதற்கு இயற்கைக் காட்சியோடு இதுவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

இதனினும் கருதத்தக்கது மற்றொன்று. பயணிகள் இறங்கி நிற்க ஓடிவரும் வண்டியில் ஆட்கள் இரார். படத்தில் எஞ்சின் மிளிரும், பெட்டிகள் வெறுமையாயிருக்கும். இரும்பின் வடிவத்தையும் சக்கரத்தண்டின் இயக்கத்தையும் அறிய அப்படம் உதவும். அதனைக் குறைகூறுதல் நியாயமாகாது. அவ்வார்வலர் இல்லையேற் பல எஞ்சின்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டிருக்கும். ஆயினும் புகைவண்டி யாரை ஏற்றிற்று, எங்கே இறக்கிற்று என்பதை அப்படம் கூறாது. அவ்வினாவுக்கு விடை தேடுவோர் மலையை விட்டு மன்னாருக்கு வரல்வேண்டும். அம்மலையிற் கொழுந்து பறித்தோருள் மிகப் பலர் நாட்டினுட் புகுந்த வாயில் அதுவே.

பாதை அமைவதற்கு முன்னரும் அவ்வாயில் திறந்தே இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்களை நோக்கி வந்த தென்னிந்தியத் தொழிலாளர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தனர். நீரற்ற காட்டிலே பேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் தொகையைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். மிகப் பலர் மாண்டனர் என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. 1914 இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை ஏறத்தாழ 66 மைல் நீளமான இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, நாட்கணக்கில் எலும்பு தேய நடந்த வழி ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கிற்று. நீராவி எஞ்சின் இந்நாட்டிற் செய்த நன்மைகளுள் இதனைத் தலையாயதெனலாம். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தலை எளிதாக்கியதும் அதுவே.

அதே ஆண்டு பெப்ரவரி 24 இற் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வண்டி. தனுஷ்கோடியிலிருந்து 22 மைல் நீராவிக் கப்பல். தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் வண்டி. ஒரே சீட்டிற் செல்லும் இவ்வழியை மக்கள் 'போட் மெயில்' என்றனர். சேதுவின் மணற்றிட்டுகள் மீது பாலங் கட்டிப் பாதையை இணைக்கும் எண்ணமும் முன்னர் இருந்தது. செலவு மிகுதியாற் கைவிடப்பட்டது. கட்டியிருந்தாலும் ஒரு வண்டி இருகரையும் ஓடியிராது. அக்கரைப் பாதை மீற்றர் அளவு. இக்கரைப் பாதை 5 அடி 6 அங்குலம். கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ். பின்னர் இர்வின், கோஷன். எஞ்சின்களைப்போலவே இவையும் ஆள்வோர் பெயர்களே. தோட்டங்களுக்குச் சேர்க்கப்பட்ட தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பின் பொருட்டுத் தங்கவைக்கப்பட்டு, பின் கப்பலேற்றப்பட்டனர். அவ்வழியிலே யாழ்ப்பாணத்துச் சிவனடியார் இராமேச்சரத்துக்குச் சென்றனர். மாணவர் சென்னைக் கல்லூரிகளுக்குச் சென்றனர். வணிகரும் நாடகக் குழுவினரும் வந்து போயினர். திருக்கேதீச்சரத்துக்கும் மடுத்திருப்பதிக்கும் செல்வோர்க்கு அப்பாதையிலே நிலையங்கள் இருந்தன.

இத்துணைப் பேர் சென்ற வண்டியைப் படம்பிடித்தல் எளிதன்று. கொழும்பிலிருந்து மாலையிற் புறப்படுவது தலைமன்னாரைக் காலையில் அடையும். கப்பற் பயணிகளை ஏற்றிக்கொண்டு மாலையிலோ இரவிலோ திரும்பும். செட்டிகுளம், மடு, முருங்கன் காடுகளை அது இருளிலே கடந்தது. தீவிலே பாதை தென்கிழக்கிலிருந்து வடமேற்காகச் செல்கின்றது. காலையில் வருவதற்கு ஞாயிறு பின்புறம். மாலையிற் போவதற்கும் ஞாயிறு பின்புறமே. எதிரே நிற்பவனுக்கு எஞ்சின் கரிய நிழலாகவே தெரியும். வெண்மணலின் ஒளிக்கும் கரிய இரும்புக்கும் ஒருங்கே பொருந்த அக்காலப் படச்சுருளை அமைத்தலும் கடினம். அமெரிக்காவிலே வின்ஸ்டன் லிங்க் என்பார் 1950 களின் பிற்பகுதியில் வரிசை வரிசையாக மின்னொளிக் குமிழ்களை நிறுத்தி இரவு வண்டிகளைப் படம்பிடித்தார். அப்படங்களில் வீட்டு முற்றத்தில் இருப்போரும், நீந்தி விளையாடுவோரும், பின்னே செல்லும் எஞ்சினோடு ஒருங்கே தோன்றுவர். எஞ்சினை அது ஓடிய ஊரிலிருந்து பிரிக்காமற் பார்த்த கண் அவருடையது. அதற்கு வேண்டிய பொருட்செலவு எல்லோர்க்கும் இயல்வதன்று.

1964 ஆம் ஆண்டு இப்பாதையின் வரலாற்றிற் பெருந் திருப்பம். ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மக்களைப் பாதிபாதியாகப் பிரித்த கணக்கு அது; அவர்தம் விருப்பம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் முடியுமுன், டிசெம்பர் 22 ஆந் திகதி இரவு வீசிய புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி கடலாற் கொள்ளப்பட்டது. அதில் உயிர்தப்பினார் இலர். பாம்பன் பாலத்தை 46 நாட்களிற் செப்பனிட்டனர். தனுஷ்கோடியை மீண்டும் அமைக்கவில்லை. பின்னர் இராமேச்சரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'இராமானுஜம்' என்னுங் கப்பல் ஓடிற்று. மலைநாட்டு நிலையங்களிலே தாயும் மகளும், அண்ணனும் தம்பியும் பிரிந்து நின்று கதற, தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டிக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. தேசாதிபதி, வைசிராய் பெயர்களுக்கிடையே மக்கள் தாமே இட்ட இப்பெயர் எந்த எஞ்சினின் நெற்றியிலும் பொறிக்கப்படவில்லை. அவ்வண்டிகளை நீராவி இழுத்ததா டீசல் இழுத்ததா என்பது எஞ்சின் ஆர்வலர்க்கு முதன்மையான வினா. ஏறியவர்க்கு அது வினாவேயன்று.

1984 அளவிற் கப்பல் நின்றது. 1990 இற் போரின் காரணமாக வண்டியும் நின்றது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் தகர்க்கப்பட்டது. வடக்கிலே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஆக, கண்டிப் பாதையில் மரபு வண்டி தோன்றிய அதே சில ஆண்டுகளிலே மன்னார்ப் பாதை மறைந்தது. ஒருபுறம் பழைய எஞ்சினுக்குப் புதுவர்ணம் தீட்டப்பட்டது. மறுபுறம் தண்டவாளம் மண்மூட்டைகளுக்குக் கீழே சென்றது. இந்திய உதவியோடு மதவாச்சி முதல் மடு வரை 2013 மே மாதத்திலும், அங்கிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை 2015 மார்ச் 14 இலும் பாதை மீளத் திறக்கப்பட்டது. கொங்கிறீற்றுச் சிலிப்பர்கள், புதிய நிலையங்கள், டீசல் வண்டி.

மீண்ட பாதையில் ஒரு நாளேனும் நீராவி எஞ்சினை ஓட்டலாகாதா என்று ஆர்வலர் கேட்பதுண்டு. இயலாததன்று; எளிதுமன்று. நீராவி எஞ்சினுக்கு எரிபொருளினும் நீரே முதன்மை. உவரும் சுண்ணமும் கலந்த கரையோர நீரைக் கொதிகலனில் இட்டால் உள்ளே படலம் படியும். நன்னீரை உள்நாட்டிலிருந்து கொண்டுவரல்வேண்டும். கட்டுக்கரைக்குளத்து நீர் நெல்லுக்கே போதாத ஆண்டுகள் உண்டு. எனினும் அவ்வாறு ஒரு வண்டி வருமாயின், நிற்கத்தக்க இடங்கள் பல: உப்புநீர்ப் பரப்பின் நடுவே மன்னார்ப் பாலம், தோட்டவெளிக்கும் பேசாலைக்கும் இடையே பனைவரிசை, தெற்குக் கரையில் 2020 இன் பின் சுழலும் காற்றாலைகள். மாலை வெயிலில் தலைமன்னாரை நோக்கி வரும் வண்டியை மேற்கொளி முகத்தில் அறைய எடுக்கலாம். பழைய போட் மெயில் ஒருநாளும் தராத ஒளி அது. அவ்வேளையிலும் பயணிகளை இறக்காது, பலகணிதோறும் முகம் தெரிய ஓடவிட்டு எடுத்த படமே இப்பாதைக்கு ஏற்றதாகும்.

எடுக்கப்படாத படங்களை இனி எடுத்தல் இயலாது. ஆனால் மலைநாட்டிலும் தமிழ்நாட்டிலும் பல வீடுகளிற் பழைய கடவுச்சீட்டுகள் இன்னும் பேணப்படுகின்றன. தலைமன்னாரிற் கப்பலேறுமுன் அதிகாரி திறந்து பார்த்த கடவுச்சீட்டுகள் அவை. அவற்றிலே ஒட்டப்பட்ட படங்களில் எஞ்சினும் இல்லை, புகையும் இல்லை. வண்டியில் ஏறிச் சென்றவர்களின் முகங்கள் உள்ளன.