கொடையும் விலையும்: சிறுநீரகத் தானம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தன் கண்ணை இடந்து இறைவனுக்கு அப்பிய கண்ணப்பர் வரலாற்றை அறியாத தமிழர் இலர். உடலுறுப்பை ஈதல் நம் மரபில் அன்பின் எல்லையாகப் போற்றப்பட்டது. அவ்வீகை மருத்துவ முறையாக நிலைபெற்று எழுபது ஆண்டுகளே கடந்துள்ளன.

1954 டிசெம்பர் 23 ஆம் நாள் பொஸ்ரன் நகரில், றொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகம் ஒன்றை அவர்தம் இரட்டைச் சகோதரர் றிச்சர்டுக்கு ஜோசப் மரே குழுவினர் பொருத்தினர். ஒரே கருவினின்று பிரிந்தோராதலின், பெற்றவர் உடல் அவ்வுறுப்பை அயலதெனத் தள்ளவில்லை. றிச்சர்ட் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஈந்தவர் 2010 வரை வாழ்ந்தார். நலமுள்ள ஒருவரைப் பிறர்பொருட்டு அறுவைக்கு உட்படுத்தல் தகுமோ என்னும் வினாவும் உடனெழுந்தது.

1971 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், 1985 இல் இலங்கையிலும் இச்சிகிச்சை கால்கொண்டது. 1980களில் சைக்குளோசுபோரின் என்னும் மருந்து பரவியதும் உறவினரல்லாதார் உறுப்பும் எளிதிற் பொருந்தலாயிற்று. அதனாலேயே கொடை, விலைப்பொருளாகவும் மாறிற்று. சென்னையில் வில்லிவாக்கம் இதன்பொருட்டு அவப்பெயர் பெற்றது. சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் சென்னையில் 2001 இல் நிகழ்ந்த ஆய்வு, 96 வீதத்தினர் கடன் தீர்க்கவே விற்றனர் எனக் காட்டிற்று. ஆயினும் விற்றபின் குடும்ப வருமானம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. 86 வீதத்தினர் தம் உடல்நலம் குன்றியதென்றனர். உறுப்புப் போயிற்று, வறுமை போகவில்லை.

இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமும், இந்தியாவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டமும் விற்பனையைத் தடைசெய்தன. எனினும் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளையடுத்து, வெளிநாட்டவர்க்கான இச்சிகிச்சையை இலங்கை அரசு 2016 சனவரியில் இடைநிறுத்த நேர்ந்தது. சட்டம் மட்டும் போதாதென்பதற்கு இதுவே சான்றாகும்.

உப்புவெளிக் கரையில் நின்று நோக்குவார்க்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளது போலத் தோன்றலாம். ஆனால், இதே திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரப் பகுதி, காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோயினால் உழவர் நலிவுறும் பகுதிகளுள் ஒன்றாகும். அங்கு ஈவோர் பெரும்பாலும் நோயாளியின் தாயோ மனைவியோ உடன்பிறந்தாரோ ஆகலாம். எஞ்சிய ஒரு சிறுநீரகம் உடலைக் காக்கவல்லதேனும், ஈவோர் முற்பரிசோதனையும் வாழ்நாட் கண்காணிப்பும் பெறல் வேண்டும். ‘இயலாது’ எனக் கூறும் உரிமையும் அவர்க்கு இறுதிவரை உண்டு. கடனோ குடும்ப நெருக்குதலோ அவ்வுரிமையைப் பறிக்குமாயின் அது கொடையாகாது. பெறுவோரைப் போலவே ஈவோரையும் பேணும் சமூகமே கொடையின் பெயரைக் காக்கும்.