ஊவாவின் பேச்சும் கேட்கும் இயந்திரமும்

பேச்சை இனங்காணும் இயந்திரத்தின் வரலாறு, யாருடைய குரல் முதலில் சேகரிக்கப்பட்டது என்பதன் வரலாறும்தான். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய 'ஆட்ரி' பத்து இலக்கங்களை மட்டுமே அறிந்தது. பழகிய குரலில் தேறியது, புதிய குரலில் தடுமாறியது. 1962 சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 சொற்களோடு நின்றது. இன்றைய கருவிகள் பல்லாயிரம் மணிநேர ஒலிப்பதிவுகளில் பயில்கின்றன. ஆனாலும் கேட்டுப் பழகாத பேச்சில் சறுக்கும் குறை நீங்கவில்லை. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வங்கிச் சேவைக்கான சிங்கள, தமிழ்க் குரல் கட்டளைகளை ஆராய்ந்தபோதும் தரவுப் பற்றாக்குறையே தடையாக நின்றது.

அப்படிக் கேட்டுப் பழகாத பேச்சுகளில் ஒன்றான, ஊவா மாகாணத்தின் பதுளை, பசறை, ஹாலி-எல, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களின் பேச்சு, 19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்திலிருந்து தமிழகத்து வழக்குகளும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வளர்ந்தது. பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுதல்), செக்ரோல் (வேலைநாள் பதிவேடு), லயம் (வரிசைக் குடியிருப்பு), கொழுந்து (தேயிலைத் தளிர்) என்ற சொற்களில் ஒரு தொழிலின் முழு நாளும் அடங்கியிருக்கிறது. மலையக வாய்மொழிப் பாடல்களை எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து நூலாக்கினார். எனினும் அச்சில் ஒலிப்பு தங்காது; அதற்குக் குரல் பதிவே வேண்டும். இளையோர் பொதுத் தமிழ் பேசுகையில் தனிப்பதிவு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் குரல்வழிச் சேவை அதிகம் பயன்படுவது எழுத்துப் பழகாத முதிய தொழிலாளருக்கே. அவர்கள் பேசுவது தோட்டத் தமிழ். சேகரித்த குரல் கண்காணிப்புக்கு உதவிவிடும் என்ற அச்சமும் நியாயமானது. அதற்கு மறுமொழி, பேசுவோரின் சம்மதமும் பதிவின் மீதான அவர்களது உரிமையுமே, பதிவையே கைவிடுவதல்ல. உழைப்பைக் கணக்கிட்ட நாடு, உழைத்தவரின் பேச்சையும் கணக்கில் சேர்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.