எட்டு ராணிகள் போன வழி

1848-இல் பெர்லினிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சதுரங்க இதழில் மாக்ஸ் பெட்சல் என்ற ஆட்டக்காரர் ஒரு புதிர் போட்டார். வெறும் பலகையில் எட்டு ராணிகளை வைக்க வேண்டும்; எந்த ராணியும் எந்த ராணியையும் வெட்டக் கூடாது. நேராகவும் பக்கவாட்டிலும் மூலைவாக்கிலும் பாயும் காய் என்பதால் ஐந்தாறு ராணிகளுக்கு மேல் வைப்பதற்குள் பலகை நிறைந்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே புதிர் லைப்ஸிக் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது. கணித மேதை காஸ் அங்கேதான் அதைப் பார்த்தார். எத்தனை விதமாக வைக்கலாம் என்று அவருக்கு ஆர்வம். முதலில் 76 என்றார். சில தவறு என்று கண்டு 72-க்கு இறங்கினார். சரியான விடையான 92-ஐ அதே 1850-இல் அச்சில் வெளியிட்டவர் ஃபிரான்ஸ் நவுக். ஆனால் காஸ் தீர்த்தார் என்றே பல புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. பெரிய பெயர் பக்கத்தில் நின்றால் புகழ் அந்தப் பக்கம்தான் சாயும்.

காஸுக்குச் சேர வேண்டியது வேறு. புதிரிலிருந்து பலகையையே எடுத்துவிட்டார். நெடுவரிசைக்கு ஒரு ராணிதான் நிற்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் எத்தனையாவது கட்டத்தில் நிற்கிறது என்று எழுதினால் போதும்: 1 முதல் 8 வரையான எண்கள், ஏதோ ஒரு வரிசையில். அவற்றோடு முறையே 1 முதல் 8 வரை கூட்டினால் எட்டு விடைகளும் வேறுவேறாக வர வேண்டும். 8 முதல் 1 வரை கூட்டினாலும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு எட்டுக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் 442 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. காஸின் கணக்கில் பார்க்க வேண்டியவை வெறும் 40,320.

அவ்வளவையும்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இடமிருந்து ஒவ்வொரு ராணியாக, கிடைக்கிற முதல் கட்டத்தில் வைத்துப் பாருங்கள்: 1, 3, 5, 2, 4. ஆறாவதற்கு மிச்சம் 6, 7, 8. மூன்றையும் முதல் மூன்று ராணிகள் மூலைவாக்கில் மறிக்கின்றன. ஐந்தாவது ராணியை எடுத்து 8-இல் வைத்தாலும் ஆறாவதற்கு இடமில்லை. அப்படியானால் நான்காவதையே கிளப்ப வேண்டும். முட்டிய இடத்திலிருந்து ஓரடி பின்வாங்கி வேறு பக்கம் போகும் இந்த முறையில், வெறும் பலகையையும் சேர்த்து 2,057 நிலைகளைக் கடந்தால் 92 விடைகளும் கையில். முதலில் சிக்குவது 1, 5, 8, 6, 3, 7, 2, 4.

கணினிக்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது என்று புரிகிறது. 1971-இல் நிக்லாஸ் விர்த்தும், 1972-இல் டைக்ஸ்ட்ராவும் நிரலை எப்படிப் படிப்படியாகக் கட்டுவது என்று விளக்க இதே ராணிகளைத்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து பாடப்புத்தகத்தை விட்டு அவை இறங்கவே இல்லை.

ராணிகளின் எண்ணிக்கை கூடினால் பின்வாங்கும் முறை திணறும். ஆனால் எல்லா விடைகளும் எதற்கு, ஒன்று போதும் என்றால் கதை மாறுகிறது. 1990-இல் ஸ்டீவன் மின்டனும் கூட்டாளிகளும் தலைகீழாகத் தொடங்கினார்கள். எல்லா ராணிகளையும் முதலிலேயே பலகையில் இறக்கிவிடு, சண்டை இருந்தாலும் பரவாயில்லை. பிறகு வெட்டுப்படும் ஒன்றைப் பிடித்து, அதன் நெடுவரிசையிலேயே சண்டை குறைந்த கட்டத்துக்கு நகர்த்து. இப்படியே செய்துகொண்டு போ. முதல் வைப்பில் கொஞ்சம் கவனம் இருந்தால், பத்து லட்சம் ராணிகளுக்குச் சராசரியாக ஐம்பது நகர்த்தல்கூடத் தேவைப்படவில்லை!

இந்த யோசனைக்கு விதை ஹபிள் தொலைநோக்கியின் அட்டவணை. பூமியை ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் கருவி அது. பார்க்க வேண்டிய பொருளைப் பூமியே மறைக்கும். சூரியன் பக்கம் திரும்பக் கூடாது. தென் அட்லாண்டிக்குக்கு மேலே கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடக்கும்போது அளவெடுக்க முடியாது. இத்தனைக்கும் நடுவே விஞ்ஞானிகளின் கோரிக்கைகளை அடுக்க வேண்டும். அதற்காக உருவாக்கிய ஒரு நரம்பணு வலையமைப்பு ராணிப் புதிரையும் வியக்கத்தக்க வேகத்தில் தீர்த்தது. ஏன் என்று மின்டன் குழு பிரித்துப் பார்த்தபோது வெளிவந்ததுதான் மேலே சொன்ன எளிய விதி. ஒரு வாரத்து அட்டவணை போட மூன்று வாரம் ஆகிக்கொண்டிருந்த வேலையை அது பத்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தது.

ராணிகளை வைத்து முறைகளின் வேகத்தை அளப்பதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். நான்கு ராணிகளிலிருந்து எத்தனை ஆனாலும், தேடாமலே ஒரு விடையை எழுதிவிடச் சூத்திரம் 1874-லேயே வந்துவிட்டது. எண்ணிக்கைதான் இன்னும் முரட்டு வேலை. 27 ராணிகளுக்கு எத்தனை விடை என்பதை 2016-இல் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் அதற்கென்றே வடிவமைத்த மின்சுற்றுகளை ஓட்டிக் கண்டார்கள்: 2,300 கோடி கோடிக்கும் மேல்.

2017-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மூவர் கேள்வியைச் சற்றே திருப்பினார்கள். சில ராணிகளை யாரோ ஏற்கெனவே வைத்துவிட்டார்கள், மிச்சத்தை நிரப்ப முடியுமா? இது, விரைவான பொது வழி எதுவும் இதுவரை அகப்படாத கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார்கள். உடனே பத்திரிகைகளில் 'சதுரங்கப் புதிரைத் தீர்த்தால் பத்து லட்சம் டாலர்' என்று செய்தி பறந்தது. பரிசு என்னவோ உண்மைதான். ஆனால் ராணிகளை அடுக்கிக் காட்டுகிறவருக்கு அது கிடையாது. அப்படி ஒரு விரைவான வழி எல்லாப் பலகைக்கும் உண்டு என்றோ, என்றைக்கும் இருக்காது என்றோ நிரூபிக்கிறவருக்கு.