குன்றிமணி எடையும் குற்றமற்ற தராசும்



காவிரிக் கரையில் நெல்லை மரக்காலால் அளந்து பழகியவர்கள் நாம். அதில் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. பொன்னும் முத்தும் அத்தகையன அல்ல. அங்கே ஒரு குன்றிமணியின் எடையும் கணக்கில் வரும்.

கி.பி. 1010 அளவில் முதலாம் இராசராச சோழன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லும், மணிகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் எடைக்கல்லும் இருந்தன. நகைகளின் நூலையும் சட்டத்தையும் செப்பாணியையும் நீக்கியே நிறை குறித்தனர். அதனையும் யாவரும் காணுமாறு சுவரிலேயே பொறித்தனர்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121-22), இன்றைய துர்க்மெனிஸ்தானிலுள்ள மர்வ் நகரில் அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்காஸினீ 'மீஸானுல் ஹிக்மா' (ஞானத் தராசு) என்னும் நூலை இயற்றினார். தராசின் கோல் நீண்டிருக்க வேண்டும். அது தொங்கும் அச்சு கூர்மையாக இருக்க வேண்டும். கோலின் எடைமையம் அச்சுக்குச் சற்றே கீழே அமைய வேண்டும். அப்போதுதான் மிகச் சிறிய எடைக்கும் கோல் சாயும். சாய்ந்தபின் நிலைக்கும் திரும்பும். அவர் விளக்கிய தராசுக்கு ஐந்து தட்டுகள். பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, பொன்னில் கலந்த வெள்ளியையும் அதனால் கண்டறியலாம்.

இத்தகைய தராசொன்றை அவருக்கு முன்பே அல்இஸ்ஃபிஸாரீ என்னும் அறிஞர் ஸுல்தானுக்காகச் செய்திருந்தார். தம் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சிய கருவூலக் காப்பாளர் அதனை உடைத்தெறிந்தார் என்றும், அத்துயரத்தாலேயே அவ்வறிஞர் நோயுற்று மறைந்தார் என்றும் வரலாற்றாசிரியர் பைஹகீ எழுதியுள்ளார்.

தராசு பொய் சொல்வதில்லை. அதனாலேயே பொய்யர் அதனை வெறுக்கின்றனர். இன்று நகைக்கடைகளில் மில்லிகிராம் வரை காட்டும் மின்னணுத் தராசுகள் உள்ளன. ஆயினும் நகையின் கல்லையும் அரக்கையும் கழித்து நிகரப் பொன்னைச் சொல்வது மனிதரின் பொறுப்பே. 20 மிஸ்கால் என்னும் நிஸாபைக் கணக்கிட்டு ஜகாத் கொடுப்போருக்கும் அந்த நிகர எடையே தேவை. அளவையில் குறைப்போரை எச்சரிக்கவே 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்னும் பெயரில் ஓர் அத்தியாயம் அருளப்பட்டுள்ளது.

கருவி எத்துணை நுண்ணியதாயினும், அதனைப் பிடிக்கும் கை நேர்மையானதாக இருத்தல் வேண்டும்.