பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

1948ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், கலிபோர்னியாவின் கோலிங்கா நகருக்கு அண்மையில், லாஸ் காட்டோஸ் என்னும் மலைப்பள்ளத்தாக்கில் ஒரு விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. 32 பேர் மாண்டனர். அவர்களுள் விமானி, துணை விமானி, பணிப்பெண், குடியேற்றத் துறைக் காவலர் ஆகிய நால்வர் அமெரிக்கர். எஞ்சிய 28 பேரும் மெக்சிகோ நாட்டவர். பழத்தோட்டங்களிலும் வயல்களிலும் உழைத்தவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தவரும், ஒப்பந்தம் ஏதுமின்றி எல்லை கடந்து வந்தவருமாகிய அவர்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்ப அரசு வாடகைக்கு அமர்த்திய விமானம் அது. நால்வரின் உடல்கள் குடும்பத்தாரிடம் சேர்ந்தன. 28 பேரின் உடல்கள் ஃபிரெஸ்னோ நகரக் கல்லறைத் தோட்டமொன்றில் ஒரே குழியில் இடப்பட்டன. விமான விபத்தில் இறந்த 28 மெக்சிகோ குடிமக்கள் என்பதற்குமேல் அக்குழியின் மீதிருந்த அடையாளம் எதுவும் கூறவில்லை. நாடெங்கும் பரவிய செய்தியிலும் நால்வருக்குப் பெயர் இருந்தது. ஏனையோர் 'நாடு கடத்தப்படுவோர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப் போயினர்.

இச்செய்தியைப் படித்து வெகுண்ட நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரி ஒரு கவிதை எழுதினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் மார்ட்டின் ஹாஃப்மன் என்ற பள்ளி ஆசிரியர் அதற்கு மெட்டமைத்தார். பீட் சீகர் பாடி அதைப் பரப்பினார். பெயர் மறுக்கப்பட்டதைப் பாடிய அப்பாடலும் அவர்களின் உண்மைப் பெயர்களை அறியாமலே பாடப்பட்டு வந்தது. வயல் தொழிலாளர் மரபில் வந்த கவிஞர் டிம் ஹெர்னாண்டஸ் பின்னாளில் பழைய ஏடுகளைத் துருவி, உறவினரைத் தேடி, அப்பெயர்களை மீட்கும் பணியில் இறங்கினார். 2013 செப்டம்பரில், 65 ஆண்டுகள் கழித்து, 28 பெயர்களும் பொறித்த கல் அங்கே நாட்டப்பட்டது.

கல்லில் பெயர் ஏறிவிட்டது. சட்டத்தின் ஏட்டில் ஏறுவது வேறு. ஆவணமின்றி அமெரிக்காவில் வாழ்வோருக்குச் சட்டநிலை வழங்குவதா என்னும் வழக்கு ஏதோ அண்மைக் காலத்தில் மூண்டது போலப் பேசப்படுகிறது. அதன் வயது ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. அதைவிட வியப்பானது, அந்நாட்டுச் சட்டமே ஒரு காலத்தில் இவ்வழக்குக்கு அமைதியான விடையொன்றை வைத்திருந்தது என்பது.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கியவர்களிடம் அனுமதிச் சீட்டு எதுவும் கேட்கப்படவில்லை. 'எங்கள் முன்னோர் முறைப்படி வந்தவர்கள்' என்று இன்று பெருமை பேசுவோர் பலரின் முன்னோர் காலத்தில் அந்த முறை என்பதே மிகச் சிறிதாக இருந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளரை விலக்கியது. மற்றவர்க்குக் கதவு திறந்தே கிடந்தது. 1924இல்தான் நாட்டுவாரியான ஒதுக்கீடு அழுத்தமாக நிலைபெற்றது, விசா கட்டாயமாயிற்று, எல்லைக் காவற்படை தோன்றியது. சட்டத்துக்குப் புறம்பான குடியேறி என்ற மனிதவகை பெருந்தொகையாக உருவானது அதன் பிறகே. மெக்சிகோவுக்கு அவ்வொதுக்கீடு அப்போது விதிக்கப்படவில்லை. தென்மேற்குப் பண்ணை முதலாளிகளுக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்தனர் என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

1929ஆம் ஆண்டு ஊன்றி நோக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, அனுமதியின்றி எல்லை கடப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மற்றொன்று பதிவேட்டுச் சட்டம். 1921 ஜூன் 3ஆம் நாளுக்கு முன்பே வந்து, தொடர்ந்து வாழ்ந்து, நன்னடத்தையுடையவராக இருப்பவர் வந்தேறிய சான்று இல்லாவிடினும் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு சட்டப்படி குடியிருப்பவர் ஆகலாம் என்றது அது. இவ்விரண்டாம் சட்டத்தின் பயனைப் பெற்றோருள் பெரும்பாலோர் ஐரோப்பியரும் கனடியருமே. முதற்சட்டத்தின் அடி மெக்சிகோ நாட்டவர்மீதே மிகுதியாக வீழ்ந்தது. ஒரே மன்றம் ஒரே வாரத்தில் ஒரு கையால் அணைத்து மறு கையால் தள்ளிய செயல் அது.

ஆயினும் பதிவேட்டுச் சட்டத்தின் உட்கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஓர் ஊரில் நெடுநாள் வாழ்ந்தவனுக்கு அவ்வாழ்வே ஓர் உரிமையைத் தருகிறது என்ற எண்ணம் அதில் உண்டு. அந்த எல்லை நாளும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. பிற்காலச் சட்டங்கள் அதனை 1924க்கும், 1958இல் 1940க்கும், 1965இல் 1948க்கும் நகர்த்தின. மன்னிப்பு என்ற ஆரவாரம் பெரிதாக எழவில்லை. நாட்காட்டி நகர்ந்தது, அவ்வளவே.

இதற்கிடையில் உழைப்பின் தேவை வேறு வழியில் சென்றது. 1942 முதல் 1964 வரை நடந்த பிரசெரோ திட்டத்தின் கீழ் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் மெக்சிகோத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். ஒப்பந்தத்துக்கு வெளியிலும் ஆட்கள் வந்தவண்ணம் இருந்தனர். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கையான வரி உண்டு. அனுமதியற்றவருக்கு அடைக்கலம் தருவது கடுங்குற்றம்; ஆனால் அவரை வேலைக்கு வைத்துக்கொள்வது அடைக்கலம் ஆகாது. பண்ணையாரின் நலம் காத்த இவ்வரியை 'டெக்சாஸ் விலக்கு' என்றே வழங்கினர். இதன்பின் இரண்டே ஆண்டுகளில், 1954இல், வேலைக்கு வைத்தவரை விட்டு வேலை செய்தவரைப் பெருந்தொகையாகப் பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பும் நடவடிக்கை நடந்தது.

1964இல் பிரசெரோ திட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் இனவேறுபாட்டு ஒதுக்கீட்டை ஒழித்த புகழுக்குரியது. ஆசிய நாட்டினர் பெருமளவில் அங்குக் குடியேற வழி திறந்ததும் அதுவே. அதே சட்டம் மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு முதன்முறையாக 1,20,000 என்ற உச்சவரம்பையும் விதித்தது. 1976இல் ஒரு நாட்டுக்கு 20,000 என்ற அளவு மெக்சிகோவுக்கும் வந்தது. பருவந்தோறும் அதே பாதையில் வந்து அதே வயலில் உழைத்தவன், தன் செயலில் யாதொரு மாற்றமும் இன்றியே சட்டத்தை மீறியவன் ஆனான்.

எதிர்த்தோர் எல்லாரும் கல்நெஞ்சர் என்று எழுதிவிடுவது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. வயல் தொழிலாளரின் தலைவரான சீசர் சாவேசின் சங்கமே 1970களில், வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் ஆவணமற்றவரைக் கொண்டுவருகின்றனர் என்று சீறியது. கறுப்பின மக்களின் மதிப்புக்குரிய தலைவர் பார்பரா ஜோர்டன் 1990களில் குடியேற்றச் சீர்திருத்தக் குழுவின் தலைவராயிருந்து, தங்க உரிமையற்றவர் வெளியேறியே ஆகவேண்டும் என்று வாதிட்டார். கூலி தாழும் என்ற அச்சம் ஏழைத் தொழிலாளியின் உண்மையான அச்சம். அதனை நகையாடியவர்களே இவ்வழக்கைத் தீர்க்க முடியாததாக்கினர் என்றும் கூறலாம்.

1982இல் உச்சநீதிமன்றத்தின் முன் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரப் பள்ளி வழக்கு வந்தது. ஆவணமற்ற பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது அப்பள்ளி நிர்வாகம். ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் பிள்ளைகள் வென்றனர். தீர்ப்பெழுதிய நீதியரசர் பிரெனன், ஆவணமற்றவர் என்று நிலையானதொரு சாதியே உருவாகிவிடும் அபாயத்தைச் சுட்டினார். சாதி என்ற பொருள்படும் சொல்லையே அவர் கையாண்டார். அச்சொல்லின் கனத்தை அமெரிக்க வாசகரைவிடத் தமிழ் வாசகர் நன்கறிவர்.

இச்சூழலில்தான் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. வயோமிங் மாநிலத்துக் குடியரசுக் கட்சியினர் ஆலன் சிம்சனும், கென்டக்கி மாநிலத்து ஜனநாயகக் கட்சியினர் ரோமானோ மட்சோலியும் பல ஆண்டுகள் முயன்று, இருமுறை தோற்று, இறந்துவிட்டதெனக் கருதப்பட்ட மசோதாவை உயிர்ப்பித்து நிறைவேற்றினர். அதிபர் ரீகன் நவம்பர் 6ஆம் நாள் ஒப்பமிட்டார். இரண்டாண்டுகளுக்கு முன் தேர்தல் விவாத மேடையிலேயே, வேரூன்றி வாழ்வோர்க்குப் பொதுமன்னிப்பு வழங்குவதைத் தாம் ஏற்பதாக அவர் வெளிப்படையாகக் கூறியிருந்தார். பொதுமன்னிப்பு என்பது அன்று வசைச்சொல் அன்று.

1982 ஜனவரி முதல் நாளுக்கு முன்னிருந்து வாழ்பவர் விண்ணப்பிக்கலாம். குறித்த ஓராண்டில் 90 நாள் வயல்வேலை செய்தவரும் விண்ணப்பிக்கலாம். ஒளிந்து வாழ்வதற்காகத் தடயமே வைக்காதிருந்தவர்கள், இப்போது வாழ்ந்ததற்குத் தடயம் தேடினர். வாடகைச் சீட்டும் மின்கட்டண ரசீதும் கூலிச் சீட்டும் ஒருவர் வாழ்க்கைக்குச் சாட்சியாயின. வயல்வேலைப் பிரிவில் போலிச் சான்றுகளும் மலிந்தன. ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டநிலை பெற்றனர். குடும்பத்தில் ஒருவர் தகுதி பெற, பின்னர் வந்த மனைவியோ பிள்ளையோ வெளியே நின்ற துயரமும் நேர்ந்தது.

சட்டத்தின் மறுபாதி தோற்றது. ஆவணமற்றவர் என்று அறிந்தே வேலை தரும் முதலாளிக்குத் தண்டனை என்றது அது. அறிந்தே என்ற அச்சொல்லில் பலரும் தப்பினர். காட்டிய தாள் உண்மைபோல் தோன்றினால் போதுமானது. மாறாக, அயலார் சாயலுடைய குடிமக்களே வேலை மறுக்கப்பட்டதை 1990இல் அரசின் தணிக்கை அலுவலகமே கண்டறிந்தது. இத்தண்டனை முறையை வேண்டி நின்ற தொழிற்சங்கப் பேரவை 2000ஆம் ஆண்டில் தன் நிலையை மாற்றி, சட்டநிலை வழங்கக் கோரியது. 1990இல் 35 இலட்சமாக மதிப்பிடப்பட்ட ஆவணமற்றோர் தொகை 2007க்குள் 120 இலட்சத்தைத் தாண்டியது.

அதன் பின்னர் 'பொதுமன்னிப்பு' என்ற சொல் கறைபட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்த்திசையில் சென்றது. அனுமதியின்றி ஆறு மாதத்துக்கு மேல் தங்கி வெளியேறியவர் 3 ஆண்டும், ஓராண்டு தங்கியவர் 10 ஆண்டும் திரும்பி வரலாகாது என்றது. முறைப்படி வெளியேறி முறைப்படி வர நினைத்தவரும் இதனால் வெளியேற அஞ்சித் தங்கினர். 2001இல் சிறுவயதில் அழைத்து வரப்பட்டோர்க்கான மசோதா தோன்றியது. 2010இல் அது செனட் சபையில் 55 வாக்குப் பெற்றும், வேண்டிய 60 இன்றி வீழ்ந்தது. 2007இல் அதிபர் புஷ் ஆதரித்த மசோதா தோற்றது. 2013இல் செனட் 68க்கு 32 என நிறைவேற்றியதைப் பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 2012இல் அதிபர் ஒபாமா ஆணையால் தந்த தற்காலிகப் பாதுகாப்பை இளைஞர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, வழக்குமன்றத் தீர்ப்புகளை எதிர்நோக்கி நடுவயதை எட்டிக்கொண்டிருக்கின்றனர்.

பெருஞ்சட்டங்களின் ஆரவாரத்தில் பழைய பதிவேடு மறக்கப்பட்டது. அது நீக்கப்படவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டமே அதன் எல்லை நாளை இறுதியாக நகர்த்தியது. 1929இல் சட்டத்துக்கும் அந்நாளுக்கும் இடைவெளி 8 ஆண்டு, 1958இல் 18, 1965இல் 17, 1986இல் 14. ஏழாண்டு வாழ்ந்தவர்க்கெல்லாம் பதிவு கிடைக்கும்படி அது தானே நகரவேண்டும் என்று 2022இல் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா முன்வைக்கப்பட்டது; நிறைவேறவில்லை. பதிவேட்டில் இன்றும் நிற்பது 1972 ஜனவரி முதல் நாள். அதற்கு அடுத்த வாரம் தாயின் தோளில் எல்லை கடந்த குழந்தை இன்று ஐம்பது வயதைக் கடந்திருக்கும். வேறு வழி எதுவும் வாய்க்காதிருந்தால், அதன் பெயர் அவ்வேட்டில் ஏற இன்னும் இடமில்லை.