அஞ்சல் வாக்கும் வசிப்பிடமும்: இந்தியத் தேர்தல் சட்டத்தில் ஒரு கருத்தின் வரலாறு

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பெரும்பாலும் குடவோலை முறையின் பொருட்டே எடுத்துக்காட்டப்படுகின்றன. ஓலையைக் குடத்திலிட்டுக் குலுக்கிச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் செய்தி ஆய்வாளரைக் கவர்ந்த அளவிற்கு, அக்கல்வெட்டுகள் கூறும் தகுதிகளுள் ஒன்று கவரவில்லை எனலாம். வாரியத்திற்குரியவர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராக இருந்தால் மட்டும் போதாது. தம் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும். குடவோலை எடுக்கும் நாளில் இளையோர் முதியோர் உட்படச் சபையார் அனைவரும் கூடியிருத்தல் வேண்டும் என்பதும் விதி. அது திருவுளச்சீட்டு முறையேயன்றி இன்றைய பொருளில் வாக்களிப்பு அன்று. எனினும், ஊரில் இருப்பவருக்கே ஊரின் பொறுப்பு என்னும் கொள்கை அதில் தெளிவாகப் புலப்படுகிறது.

இக்கொள்கையின் மறுமுனையில் நிற்பது அஞ்சல் வாக்கு. சட்ட வழக்கில் அஞ்சல் வாக்குச்சீட்டு என்றும், நாளிதழ்களிலும் மக்கள் பேச்சிலும் தபால் ஓட்டு என்றும் வழங்கும் இம்முறை, ஊரில் இல்லாதவரையும் ஊராராகக் கொள்ளும் ஏற்பாடாகும். ஊரில் இல்லாதார் பலருள் எவரை ஊரார் எனக் கொள்வது என்பதைச் சட்டமே முடிவு செய்தது. அம்முடிவுகள் காலந்தோறும் மாறிவந்த வகையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்காளர் பட்டியலில் பெயர் இடம்பெறுவதற்குத் தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவர்' என்பதை அடிப்படையாகக் கொண்டது. வீடு உடைமையாக இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்விடத்தில் வசிப்பவர் ஆகிவிடார் என்று அதன் 20ஆம் பிரிவு கூறுகிறது. உத்திரமேரூர் விதி மனையையும் வாழ்தலையும் பிணைத்தது. இச்சட்டமோ மனையை நீக்கி வாழ்தலை மட்டும் நிறுத்தியது. தற்காலிகமாக ஊரைவிட்டு நீங்குதல் வசிப்பைக் குலைக்காது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தம் கடமையின் பொருட்டுத் தொகுதிக்கு வெளியே இருத்தலும் அதனைக் குலைக்காது. படைவீரர், தம் மாநிலத்திற்கு வெளியே பணியாற்றும் ஆயுதக் காவல் படையினர், வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட நடுவண் அரசு ஊழியர் ஆகியோர் பணியில் இல்லாதிருப்பின் எங்கு வசித்திருப்பரோ அங்கேயே வசிப்பதாகக் கொள்ளப்படுவர். இல்லாத ஒன்றை இருப்பதாகக் கொள்ளும் இச்சட்டப் புனைவே அஞ்சல் வாக்கின் அடித்தளம் எனலாம்.

இதற்குப் பிரிட்டனில் முன்னோடி உண்டு. முதல் உலகப் போரின் இறுதியாண்டான 1918இல் இயற்றப்பட்ட சட்டம், களத்தில் இருந்த வீரர்க்கு அஞ்சல்வழி வாக்களிக்க இடமளித்தது. 1945ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சூலை 5 அன்று வாக்குப்பதிவு நடந்தும், கடல் கடந்திருந்த படையினரின் வாக்குகள் வந்து சேரும் பொருட்டு முடிவுகள் சூலை 26 அன்றே அறிவிக்கப்பட்டன. வாக்குக்காக நாடு மூன்று வாரம் காத்திருந்தது. இந்தியாவில் காத்திருக்கும் கடமை வாக்காளர்க்கே வாய்த்தது. வேட்புமனுத் திரும்பப் பெறும் நாள் கழிந்த பின்னரே வாக்குச்சீட்டு அச்சாகும். அந்நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே இருக்கவேண்டிய குறைந்த அளவு இடைவெளி 1996இல் 20 நாளிலிருந்து 14 நாளாகக் குறைக்கப்பட்டது. எல்லைப்புறக் காவலிடம் ஒன்றிற்குச் சீட்டுச் சென்று, வாக்கு எண்ணிக்கை தொடங்கும் நேரத்திற்குள் திரும்பி வருதல் எளிதன்று. 2014ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் சேவை வாக்காளரிடமிருந்து திரும்பி வந்தவை ஏறத்தாழ 4 விழுக்காடே. இடையில், 2003இல் படையினர்க்குப் பதிலாள் வழியாக வாக்களிக்கும் உரிமையும் தரப்பட்டிருந்தது.

தீர்வு புதுச்சேரியில் தொடங்கியது. 2016 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் நடந்த நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் வெற்று வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாடு முதன்முறையாகக் கையாளப்பட்டது. செல்லும் வழி மட்டுமே மின்வழி; வாக்களிக்கப்பட்ட சீட்டு அஞ்சலிலேயே திரும்பவேண்டும். பயணத்தில் ஒரு பாதி நீங்கியதன் பயன் பெரிது. 2019இல் பதிவு செய்திருந்த 18,02,646 சேவை வாக்காளரிடமிருந்து 10,84,266 சீட்டுகள் திரும்பின, அஃதாவது 60.14 விழுக்காடு. படையினரின் அக்கறையின்மையே குறைந்த வாக்களிப்பிற்குக் காரணம் என்னும் எண்ணத்திற்கு இவ்வெண்கள் இடந்தரவில்லை.

வாக்காளர் நேரில் வராதபோது அவரே வாக்களித்தார் என்பதற்குச் சான்று யாது? 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் இரண்டு உறைகளையும் ஓர் உறுதிமொழியையும் விடையாகத் தருகின்றன. வாக்குச்சீட்டு உள்ளுறையில் இடப்படும். உள்ளுறையும் படிவம் 13ஏ எனப்படும் உறுதிமொழியும் வெளியுறையில் இடப்படும். வாக்காளரின் கையொப்பத்திற்குப் படையில் கட்டளை அலுவலர், சிறையில் கண்காணிப்பாளர், பிறர்க்கு அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் என உரியவர் சான்றளிக்க வேண்டும். எண்ணும்போது முதலில் உறுதிமொழி சரிபார்க்கப்படும். அது பிழைபட்டால் உள்ளுறை திறக்கப்படாமலே வாக்கு தள்ளப்படும். பெயரையும் வாக்கையும் வெவ்வேறு உறையில் பிரித்து வைப்பதால் இரகசியம் காக்கப்படுகிறது. ஆயின், வாக்காளரின் உரிமை மற்றொருவர் கையொப்பத்தில் தொங்குகிறது.

இதன் விளைவை 2016ஆம் ஆண்டு இராதாபுரம் தேர்தல் வெளிப்படுத்தியது. அ.தி.மு.க. வேட்பாளர் ஐ.எஸ். இன்பதுரை 49 வாக்கு வேறுபாட்டில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். தி.மு.க. வேட்பாளர் மு. அப்பாவு தொடுத்த வழக்கு, தள்ளப்பட்ட 203 அஞ்சல் வாக்குகளைப் பற்றியது. அவற்றிற்குச் சான்றளித்த நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஆவரா என்பதே வினா. சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று அவ்வாக்குகளையும் இறுதி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ண ஆணையிட்டது. மறு எண்ணிக்கை அக்டோபர் 4 அன்று நடந்தது; அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் பேரவையின் காலமே முடிந்தது. வாக்களித்தவர் எவரும் தவறு செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. பதவியின் தகுதி பற்றிய ஐயம் ஒன்றே ஒரு தொகுதியின் தீர்ப்பை ஐந்தாண்டுக் காலம் ஐயத்தில் வைத்தது.

அஞ்சல் வாக்கிற்கு உரியோர் பட்டியல் மெல்ல நீண்டது. குடியரசுத் தலைவர் முதலிய உயர்பதவியினர், தேர்தல் பணியாளர், தடுப்புக்காவலில் உள்ளோர் ஆகியோர் அதில் உண்டு. (குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் 1998இல் வாக்குச்சாவடிக்குச் சென்று வரிசையில் நின்றே வாக்களித்தார்.) சிறைத்தண்டனை பெற்றோரும் விசாரணைக் கைதியரும் வாக்களிக்க இயலாத நிலையில், விசாரணையின்றியே அடைக்கப்பட்ட தடுப்புக்காவலர் அஞ்சலில் வாக்களிக்கலாம் என்பது விந்தையே. 2019 அக்டோபரில் 80 வயது கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு சார்க்கண்டுத் தேர்தலில் இது நடைமுறைக்கு வந்தது. 2024இல் வயது வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டது. இவ்வகையினர் வீட்டிற்கு வருபவர் அஞ்சல்காரர் அல்லர், வாக்குப்பதிவுக் குழுவினரே. பெயரளவில் மட்டுமே இஃது அஞ்சல் வாக்கு.

சேவை வாக்காளரின் 'மனைவி' என்றிருந்த சொல் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 'வாழ்க்கைத் துணை' என மாறியது. அதுவரை படைவீரரின் மனைவிக்கு உரிய வாய்ப்பு, படைப்பணியில் உள்ள பெண்ணின் கணவருக்கு இல்லை. எழுபது ஆண்டுகள் இவ்வேறுபாடு நீடித்தது.

பட்டியலில் இடம்பெறாதோர் யாவர் என நோக்கின் சட்டத்தின் மனம் விளங்கும். அரசின் பணிக்காக ஊர் நீங்கியவரை ஊரார் எனக் கொண்ட சட்டம், பிழைப்பிற்காக ஊர் நீங்கியவரை அவ்வாறு கொள்ளவில்லை. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்களுக்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியலில் இடமளித்தது. ஆயினும் அவர்கள் கடவுச்சீட்டுடன் தம் வாக்குச்சாவடிக்கு நேரில் வரவேண்டும். திருப்பூரில் பணியாற்றும் பீகார்த் தொழிலாளியும் மும்பையில் வாழும் திருநெல்வேலியாரும் ஊரிலேயே தம் பெயரை வைத்திருப்பின், வாக்களிக்கத் தொடர்வண்டி ஏறுதல் ஒன்றே வழி. இவர்களுக்கென அஞ்சலுக்கு மாறாகத் தொலைநிலை வாக்குப்பதிவு எந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் உருவாக்கியது. 72 தொகுதிகளைக் கையாளும் திறனுடைய அதனைச் செயல்படுத்திக் காட்டுவதற்காக 2023 சனவரி 16 அன்று கட்சிகள் அழைக்கப்பட்டன. உள்நாட்டில் புலம்பெயர்ந்தவர் என்பவர் யார் என்னும் வினாவைக் கட்சிகள் அங்கு எழுப்பின. எழுத்துவழிக் கருத்துரைக்கான கெடு பிப்ரவரி இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் அவ்வெந்திரம் இன்றியே நடைபெற்றது.